சேற்றுக்குள் ஒரு கை

காட்டுக் குளம் வற்றிப்போய், கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஆனால் ஒரு சருகுமான்கூட அங்கே போகவில்லை. "தண்ணிக்குள்ள ஒரு கை இருக்கு. காலைப் பிடிச்சு இழுக்கும்!" என்று காடெல்லாம் பேச்சு.

சருகுமான் செவ்வந்தியின் குட்டி தாகத்தில் துவண்டு கிடந்தது. அதைப் பார்த்த கீரி சடையனுக்கு மனசு பொறுக்கவில்லை. எதையும் தொட்டு, மோந்து, தோண்டிப் பார்த்தால்தான் நம்புகிற ஆள் அவன். குளத்துக்கு ஓடினான். சேற்றின் மேல் தத்தித் தத்தி நடந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தான்.

"கையுமில்லை, காலுமில்லை! நல்ல தண்ணி!"

"நீ சொன்னா ஆச்சா? ஊரே சொல்லுதே!" என்றாள் செவ்வந்தி.

கிளையில் இருந்த மைனா சிரித்தாள். யார் எங்கே என்ன பேசினாலும் அவள் காதுக்குத் தப்பாது.

"அட மண்தோண்டி! பயம் பேச்சுலதான் இருக்கு. பேச்சை மாத்தினாப் போதும்!"

'கை செத்துப்போச்சு' என்று காடெங்கும் கூவிவிட்டு வந்தாள்.

செவ்வந்தி நம்பிப் போனாள், பாவம். நாலே அடிதான். முன்னங்கால் இரண்டும் புதைந்தன.

"ஐயோ, கை! கை!"

சடையன் பாய்ந்துபோய்ச் சேற்றைத் தோண்டித் தள்ளினான். ஒருவழியாக அவள் துள்ளிக் கரையேறினாள்.

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் பஞ்சு மாதிரி. எனக்கு எங்கே புதையும்!"

"நான் சேற்றை மிதிச்சதே இல்லை," என்று முணுமுணுத்தாள் மைனா.

"சரி, நீ கேட்டதைச் சொல்லு. கை எங்கே பிடிக்குமாம்?" என்று கேட்டான் சடையன்.

"எல்லாரும் கரையில இருக்கிற தாழம்புதர்ப் பக்கம்தான் சொல்றாங்க. மருதமரத்தடியில யாரையும் பிடிச்சதா பேச்சே இல்லை."

சடையன் ஒரு கல்லைத் தாழம்புதர்ப் பக்கம் உருட்டினான். தொபுக்! கல்லைக் காணோம். மருதமரத்தடியில் இன்னொன்றை உருட்டினான். அது புதையாமல் நின்றது. சேற்றுக்கு அடியில் வேர்கள் பின்னிக் கிடந்தன.

செவ்வந்தியோ தண்ணீர்ப் பக்கம் வரவே மறுத்தாள்.

"நீங்க சொன்னது பொய்யில்லைம்மா," என்றாள் மைனா. "கைன்னு சொன்னது அந்தச் சேத்தைத்தான். இங்கே வேர் இருக்கு, தைரியமா கால் வைங்க!"

செவ்வந்தி ஒரு கால் வைத்தாள். புதையவில்லை! ஓடிப்போய்க் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளிக் கூட்டிவந்தாள். அது மடக்மடக்கென்று குடித்தது. பிறகு தலையைத் தூக்கி, "அம்மா, அந்தக் கை எங்கே? பார்க்கணும்!" என்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மண்ணை மட்டும் தோண்டினாலும், பேச்சை மட்டும் கேட்டாலும் பாதிதான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முழு உண்மையும் தெரியும்.