இலையில் ஒரு சாண் இடம்

வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு சின்ன மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. அவருடைய சீடர் வேதரத்தினத்துக்கு அறுபத்திரண்டு. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வயசுக்காரியிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

மடத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. யாராவது கேள்வி எழுதுவார்கள். அம்மா இரண்டு வரியில் பதில் சொல்வார். வேதரத்தினம் அதைத் தட்டச்சு செய்து ஏற்றுவார். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். அதில் கிடைப்பதில்தான் மடத்து மதியச் சாப்பாடு நடந்தது.

ஒரு நாள் காலையில் வேதரத்தினம் அம்மாவிடம் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அம்மா, படிக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு விளம்பரத் தடுப்பான் போட்டுக்கிட்டு வர்றாங்க. நம்ம எழுத்து வேணுமாம், விளம்பரம் வேணாமாம். இது என்ன நியாயம்?"

"ஏன் தடுக்கறாங்க?"

"எல்லாம் ஓசியிலயே வேணும்னுதான். வேறென்ன?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இதைக் கேக்க வேற செய்யணுமா? தடுப்பானை நிறுத்தினாத்தான் உள்ள வரலாம்னு ஒரு கதவு போட்டுடறேன். அம்மா சரின்னா போதும்."

"உங்களுக்குச் சரின்னு பட்டா போடுங்க ஐயா."

அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டார் மனுஷர். அன்று சாயங்காலமே கதவு போட்டாயிற்று. 'இது உங்கள் மடம். தயங்காமல் தடுப்பானை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள்' என்று பெரிய எழுத்தில் வாசகமும் அவரே எழுதினார். வரும்படி கூடியது. வாரம் இரண்டு நாள் பந்தியில் பாயசம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாயசம்.

மூன்றாம் வாரம் ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா. திருத்துறைப்பூண்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவள். மடிக்கணினியை ஒரு துணிப்பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க சாமி வேறங்க. ஆனா தினமும் கடை திறந்ததும் உங்கம்மா பதிலைப் படிச்சிட்டுத்தான் வேலையில கை வைப்பேன்" என்றாள் வேதரத்தினத்திடம். "என் தம்பிதான் இந்த மெஷின்ல தடுப்பான் போட்டுக் குடுத்தான். எவன் சொன்னாலும் நிறுத்தாதக்கான்னு சொல்லியிருந்தான். நீங்க நிறுத்தச் சொன்னீங்க. மடந்தானேன்னு நிறுத்தினேன்."

பக்கம் திறந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்திருக்கிறது. பிரவுசர் பழசாகிவிட்டது, புதுப்பித்தால்தான் மேலே படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அதுவும் மடம் கேட்பதுதான் என்று அவள் அழுத்திவிட்டாள். அரை மணி நேரத்தில் கணினியில் இருந்த படங்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் ஒரு மிரட்டல்.

"நாகப்பட்டினத்துல ரெண்டு பேருகிட்ட காட்டிட்டேன். திறக்க முடியாதுன்னு கையை விரிச்சிட்டாங்க."

"வேற நகல் எடுத்து வைக்கலையாம்மா?"

"தனி டிஸ்க்ல வச்சிருந்தேன். அப்பப் பாத்து அதுவும் மெஷின்லதான் மாட்டியிருந்துச்சு. அதுவும் பூட்டிக்கிச்சு. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சிட்டேன்."

மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்றாள். ஒரு கல்யாணப் படம்தான் அவளைத் தூங்க விடவில்லை. கரியாப்பட்டினத்துப் பெண், யாழினி. கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

"அந்த மனுஷன் படமே எடுத்துக்க மாட்டாராம். மக கல்யாணத்துலதான் முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சிக்கிட்டு நின்னாரு. நாளைக்குக் காலையில ஆல்பம் எப்பன்னு கேக்க அந்தப் பொண்ணு கடைக்கு வருது. நான் என்னன்னு சொல்லுவேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். வேதரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா பாரு தாயி, அந்தப் பெட்டியும் ஒரு விளம்பரந்தான். அதை நாங்க வைக்கலை."

"உங்க பக்கத்துலதானே வந்துச்சு?"

"இடம் மட்டுந்தான் எங்களது. நீ பக்கத்தைத் திறக்கிற அந்த நொடியில அந்த இடத்துக்கு ஏலம் நடக்கும். அதிகமாக் கேட்டவன் விளம்பரம் வந்து உக்காரும். ஏலம் விடறது ஒரு கம்பெனி. அவனுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறது இன்னொருத்தன். அவனுக்குப் பின்னால யாரோ. உனக்கு வர்ற விளம்பரம் எனக்கு வராது. யாரு போட்டான்னு எனக்கே தெரியாதும்மா."

"தெரியாமலா வா வான்னு கூப்பிட்டீங்க?"

வேதரத்தினத்துக்குச் சுருக்கென்றது. "எவனோ வச்ச தீக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று முணுமுணுத்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

மங்கையர்க்கரசி அம்மா உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது எழுந்தார்.

"பந்தி போட்டாச்சு. ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க."

ஜெசிந்தாவும் வேதரத்தினமும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகப் பரிமாறுவது சமையல்காரர் தில்லைநாதன். அன்றைக்கு அம்மாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு போட்டு மூடிய வாளி. வேதரத்தினத்தின் இலையில் இன்னும் சோறு விழவில்லை. அம்மா நேரே அவரிடம் வந்து மூடியை லேசாக விலக்கிக் கரண்டியை உள்ளே விட்டார்.

"என்ன கூட்டும்மா இது?"

"தெரியாது."

வேதரத்தினம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"தில்லைநாதன் வச்சதுதானே?"

"இல்லை. வாசல்ல ஒருத்தன் வந்தான். உங்க இலையில ஒரு சாண் இடம் கேட்டான். இன்னும் ரெண்டு பேரு கேட்டாங்க. இவன்தான் கூடக் குடுத்தான். குடுத்துட்டேன்."

"யாரும்மா அவன்? எந்த ஊரு?"

"கேக்கலை."

"உள்ள என்ன இருக்குன்னாவது..."

"நல்லவனாத்தான் இருப்பான். அவ்வளவு குடுத்தானே."

கரண்டி இலைக்கு நேரே வந்தது. வேதரத்தினத்தின் இரண்டு கையும் தன்னால் போய் இலையை மூடிக்கொண்டன. போதும் என்று சொல்ல நாம் எல்லோரும் பந்தியில் செய்வதுதான். அவர் செய்தது போதும் என்பதற்காக இல்லை.

"கையை எடுங்க ஐயா."

"வேணாம்மா."

"கையை எடுத்தாத்தான் சோறு."

பந்தி நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தில்லைநாதன் செம்பைச் சாய்த்தபடியே நின்றார். ஜெசிந்தா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதரத்தினம் கையை எடுக்கவில்லை.

அம்மா பிறகு கரண்டியை வாளியில் போட்டு மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். வாளியில் இருந்தது என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குழி வெட்டிக் கவிழ்த்து மண்ணைத் தள்ளிவிட்டார்.

தில்லைநாதன் சோறு போட வந்தார். வேதரத்தினம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. நேரே கணினி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அம்மா கிணற்றடியில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவை எடுத்துட்டேன்மா."

"சரி."

"விளம்பரம் மொத்தத்தையும் எடுத்துட்டேன். இந்த மூணு வாரத்துல உள்ள வந்து எதையாவது அழுத்தினவங்க உடனே தெரிஞ்சவங்ககிட்ட மெஷினைக் காட்டிப் பாருங்கன்னு முகப்புல எழுதியிருக்கேன்."

"சரி."

"நாளைக்கு அடுப்பு எரியணுமே?"

"கஞ்சி வைப்போம்."

வேதரத்தினம் போகவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஜெசிந்தா தனியா நின்னு அந்தப் பொண்ணுகிட்டப் பேசறது நியாயமில்லை. காலையில முதல் பஸ்ஸுக்கு நானும் கடைக்குப் போறேன்."

"போங்க."

"போயி என்னம்மா சொல்ல? அது அப்பா முகத்தைக் கேட்டுக்கிட்டு வரும். ஏலம், கம்பெனி, அவனுக்குப் பின்னால இன்னொருத்தன்னு நான் சொன்னா அதுக்கு என்ன புரியும்?"

"ஒண்ணும் புரியாது."

"பின்னே?"

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"கேக்காமப் பரிமாறினது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க."