காக்கை விரட்டிக்குக் காப்புக் கட்டிய கதை

மந்தங்குளத்துக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான். ஒருதடவை ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து, "கொஞ்சம் வழியை விடுங்கய்யா" என்று கத்தினார். அன்றைக்கு வழியை விட்டவர்கள், இன்றைக்கும் வயல் வரப்பில்தான் நடக்கிறார்கள்.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். எதையாவது கழற்றி, எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பார். தானாகத் திறக்கிற கதவு என்று ஒன்று செய்தார். அது தானாகப் பூட்டிக்கொண்டது. அதிலிருந்து அவர் குடும்பம் சன்னல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி உலகம்மை வத்தல் போட்டு விற்கிறவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சன்னலேறும்போதெல்லாம் அவள் புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குக் கொம்பையா ரொம்பப் பயப்படுவார்.

மாடியில் காயப்போடுகிற வத்தலில் பாதி காக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொம்பையா ஒரு பழைய சைக்கிள் ரிம்மை எடுத்தார். காற்றைப் பிடிக்கக் குடைத்துணியைக் கிழித்துக் கட்டினார். சுற்றிலும் கரண்டிகளைத் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை நிறுத்தினார். காற்றடித்தது. ரிம் சுற்றியது. டணார் டணார் என்று கரண்டிகள் தாம்பாளத்தை அறைந்த அறையில், காக்கைகள் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்தன.

"பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீக" என்றாள் உலகம்மை.

கொம்பையா அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொரு தரம் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். தன் பேரைச் சொல்லி ஊருலகமெல்லாம் இப்படிப் பாராட்ட வேண்டும் என்று அப்போதே அவருக்கு ஆசை பிறந்துவிட்டது.

சத்தம் கேட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார் கண்டக்டர். "அண்ணாச்சி, உடனே இதுக்குக் காப்புரிமை வாங்குங்க. டவுன்ல ஜெபக்கனின்னு ஒரு வக்கீலம்மா இருக்காங்க, அவங்க வாங்கித் தருவாங்க. அசந்தீங்கன்னா எவனாவது அடிச்சிட்டுப் போயிருவான்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துப் போய்விட்டார்.

உடனே கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் கொம்பையா, அவருடைய தங்கையைக் கட்டிய மச்சினன் தளவாய், பக்கத்து வீட்டுப் பூலுடையார்.

"காப்புரிமைன்னா என்ன மச்சான்?" என்றார் தளவாய்.

"பேரிலேயே இருக்கே. காப்புக் கட்டினாத்தான் உரிமை" என்றார் கொம்பையா.

மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து, குலவை போட்டு, இயந்திரத்துக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் பூலுடையார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கெட்டுது காரியம்! கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினா, கட்டினவுக ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதே. டவுனுக்கு எப்படிப் போக?"

மூவரும் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் தளவாய்க்குத்தான் வெளிச்சம் வந்தது. "காப்புக் கட்டியிருக்கிறது மிஷினுக்குத்தான? அதுதான் தாண்டக் கூடாது. நாம போகலாம். காப்புதான் நாமளே கட்டிட்டோம், அந்தம்மாகிட்ட உரிமையை மட்டும் வாங்கிட்டு வந்தாப் போதும்."

இந்த மூளை எல்லோருக்கும் வராது என்று கொம்பையா மச்சினன் முதுகில் தட்டினார். அந்த உற்சாகத்தில் தளவாய் இன்னொரு காரியமும் செய்தார். எவனாவது வந்து மிஷினை அடித்துவிட்டுப் போனால் தாம்பாளம் நசுங்கிவிடுமே என்று, மிஷினையே ஒரு வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தார். யாரும் கண்டுபிடிக்க முடியாத இடம். மறுநாள் அவராலேயே முடியவில்லை.

ஊரே திரண்டு வைக்கோலைக் கிளறியது. கொம்பையா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். பொழுது சாய்கிற நேரத்தில் பூலுடையார் "ஐயோ!" என்று அலறினார். கரண்டிக் காம்பு அவர் உள்ளங்காலில் ஏறியிருந்தது. வலியோடு வலியாக, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குதித்தார். கொம்பையா அவரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தார்.

அந்தக் கண்டுபிடிப்பு டவுனில் வினையானது.

வக்கீலம்மா ஜெபக்கனி நிதானமானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

பூலுடையார் எழுந்து நின்றார். "நான்தாம்மா."

கொம்பையா திடுக்கிட்டுத் திரும்பினார். ஆனாலும் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "ஆமாம்மா. கண்டுபிடிச்சது அவன்தான். நான் வெறுமனே செஞ்சேன், அவ்வளவுதான்" என்றார்.

"அப்போ யோசனை உங்களோடது. செஞ்சு கொடுத்தது இவர். உங்க பேர்லதான் விண்ணப்பம் போடணும்" என்று பூலுடையார் பெயரை எழுதினார் ஜெபக்கனி. பிறகு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? விவரமாச் சொல்லுங்க" என்றார்.

"கால்ல குத்துச்சும்மா."

"எது?"

"கரண்டி."

"கால்ல கரண்டி குத்தினதும் இந்த யோசனை வந்ததா?"

"இல்லம்மா, ரத்தம் வந்தது."

ஜெபக்கனி பேனாவை மூடி வைத்தார். ஆதியோடந்தமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பூலுடையார் பெயரை அடித்துவிட்டு, கொம்பையாவின் பெயரைத் தெளிவாக எழுதினார். கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டார். மிஷின் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, தளவாய் ரிம்மாக நின்று சுற்றினார். பூலுடையார் தாம்பாளமாக நின்று, சுற்றி வந்த கை ஒவ்வொன்றிலும் அறை வாங்கினார். சத்தம் மட்டும் கொம்பையா போட்டார்.

"புரிஞ்சிடுச்சு, போதும்" என்றார் ஜெபக்கனி. "விண்ணப்பம் போட்டதும் போன் பண்றேன். அதுவரைக்கும் இதைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஷ்டமான நிபந்தனைதான். ஆனால் உரிமை என்றால் சும்மாவா?

வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். கன்னம் உப்பிக் கண் பிதுங்கி, எதிரிலிருந்த ஜவுளிக்கடைக்குள் விழுந்து மூச்சு விட்டார்கள். "வேட்டியா, சட்டையா?" என்று கேட்ட கடைக்காரரிடம், "மூச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினார்கள். இப்படிக் கடை கடையாக நுழைந்து பஸ்ஸைப் பிடித்தார்கள். பஸ்ஸுக்குள்ளே விடலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. "கூரை இருக்கே, உள்ளேதான்" என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார். அவருக்கு அப்போது வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லச் சக்தியில்லை.

ஊருக்கு வந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஊர்க்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள், மூச்சடக்கி ஓடி ஓடி அரைக்குடம்தான் கொண்டுவந்தார்கள். உலகம்மை மட்டும் வழக்கம்போல் மாடியில் மூச்சு விட்டுக்கொண்டு வத்தல் போட்டாள். அவள் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

ஒருவழியாக ஜெபக்கனி போன் செய்தார். "விண்ணப்பம் போட்டாச்சு. இனிமே தாராளமா வெளியில காட்டலாம். மத்தவங்க முந்திக்கிறதுக்குள்ள சந்தையைப் பிடிச்சிருங்க."

காப்பை அவிழ்த்தார்கள். விடிவதற்கு முன்பே வாரச் சந்தைக்குப் போய், கொட்டகைத் தூணை ஆளுக்கொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மிஷின் சாக்குக்குள் கட்டியபடி தரையில் கிடந்தது.

ஒரு மளிகை வியாபாரி நின்று பார்த்தார். "என்னய்யா செய்றீங்க?"

"சந்தையைப் பிடிச்சிருக்கோம்" என்றார் கொம்பையா.

"விட்டா ஓடிருமா?"

"அது தெரியாது. பிடிக்கச் சொல்லியிருக்காங்க."

"சாக்குல என்ன?"

"காக்கா விரட்டி. என் பேர்ல இருக்கு. ஆனா எடுத்துக் காட்டக் கையில்லை. நீங்களே அவிழ்த்துப் பாத்துக்கிடுங்க."

வியாபாரி அவிழ்த்தார். காற்றில் நிறுத்தினார். டணார் டணார்! கருவாட்டுக் கடையை மொய்த்துக்கொண்டிருந்த காக்கைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்தன. சந்தையே கை தட்டியது. எனக்கொன்று, எனக்கொன்று என்று கருவாட்டுக்காரர்களும் வத்தல்காரர்களும் கொம்பையாவை மொய்த்தார்கள். "உங்க பேர் என்ன, உங்க பேர் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். தூணைக் கட்டிக்கொண்டபடியே அவர் தன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

வியாபாரம் அப்படி ஓடியது. சுற்றுவட்டாரத்தில் மாடிக்கு மாடி டணார் டணார். காக்கை என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

அப்போதுதான் ஆடி அமாவாசை வந்தது.

வீட்டுக்கு வீடு முன்னோருக்குப் படையல் போட்டு, சோற்றை இலையில் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார்கள். காக்கை வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். ஒரு காக்கையும் வரவில்லை. உச்சி வெயிலாகியும் வரவில்லை. பசியில் கண் இருண்ட ஜனங்கள் கொம்பையா வீட்டு முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்க அப்பாவும் காலையில இருந்து பட்டினி" என்றாள் உலகம்மை. அவள் சொன்னது செத்துப்போன அப்பாவை. கூடவே அந்தப் பழைய பார்வையையும் பார்த்தாள். "என்ன செய்வீகளோ தெரியாது. காக்கா வந்து திங்கணும்."

கொம்பையா ஆடிப்போனார். தளவாயையும் பூலுடையாரையும் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது மூவர் முகத்திலும் கரி. தோளில் கறுப்புக் குடைத்துணி. மளமளவென்று மதில் மேல் ஏறிக் குந்தினார்கள். "கா!" என்றார் கொம்பையா. "கா, கா!" என்றார்கள் மற்றவர்கள்.

ஜனங்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பசி யோசிக்க விடவில்லை. "வந்திருச்சு, வந்திருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சோறும் வடையும் பாயசமும் கொண்டுவந்து மதில் மேல் வைத்தார்கள். "எங்க மாமா மாதிரியே தலையைச் சாய்க்குது" என்று ஒரு பெண் தளவாயைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

கொம்பையா ஒரு வடையை எடுத்து வாயில் கவ்வினார்.

அந்த நேரம் பார்த்து மாடியில் காற்றடித்தது. டணார் டணார்!

வடையும் கையுமாக மூவரும் மதிலிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் அடித்துக்கொண்டு, அடுத்த ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த்தான் நின்றார்கள். அங்கே ஒரு புளியமரத்தில் ஏற்கெனவே ஏகப்பட்ட காக்கைகள் உட்கார்ந்திருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே மேலே பார்த்துக் கேட்டார் கொம்பையா:

"கொஞ்சம் தள்ளி உக்காருதீகளா?"