வெடிச்ச நட்சத்திரமும் ஒட்டடையும்

ஏலகிரி மலையில ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு ரெஜினா. அடுப்புல இட்லிப்பானை தண்ணி வத்துனாலும் அவ மொட்டமாடியில வானத்தப் பாத்துட்டு நிப்பா. "ம்" கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

ம்.

ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய நட்சத்திரம் டமார்னு வெடிச்சுச்சாம். அதோட மிச்சம் இன்னமும் வானத்துல பரவிக் கெடக்கு, ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதப் படம் புடிச்சே தீருவேன்னு நின்னா ரெஜினா. ஏன்னா அவ வீட்டுக்கு எதிர்லயே பெரிய கம்பம் நட்டு லைட்டு போடப் போறாங்க. லைட்டு எரிஞ்சா வானம் வெளுத்துடும், அப்புறம் ஒண்ணும் புடிக்க முடியாது.

மொத ராத்திரி டெலஸ்கோப்புல கேமராவ மாட்டினா, குபுகுபுன்னு மேகம் வந்து மூடிடுச்சு. அடுத்த ராத்திரி லென்ஸ் பூரா பனி எறங்கிடுச்சு, அவளுக்கு அழுகையே வந்துச்சு. மூணாவது ராத்திரிதான் கடைசி, மறுநாள் சாயங்காலம் லைட்டு. அன்னிக்கு வானம் சுத்தமா இருந்துச்சு. க்ளிக், க்ளிக்னு விடிய விடிய எடுத்தா. நடுவுல கேமராவக் கழட்டி, பக்கவாட்டுல திருப்பி வச்சு மாட்டி எடுத்தா.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்புறம் காலையில கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, ஒவ்வொரு படமும் கும்மிருட்டு. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்த ஏத்தினா. இழை இழையா என்னமோ தெரிஞ்சுது. அப்போ அவ மாமியார் பாக்கியம்மா எட்டிப் பாத்தாங்க. அவங்களுக்கு வீட்டுல ஒரு மூலையிலயும் ஒட்டடை இருக்கக்கூடாது.

"என்னடி, படத்துல கூடவா ஒட்டடை"ன்னாங்க.

கேமராவுலதான் தூசி ஒட்டியிருக்குன்னு நெனச்சு, ரெஜினாவும் அடுக்கின படத்துலேருந்து அந்த இழையெல்லாத்தையும் சரக் சரக்னு அழிச்சுட்டா.

ம்?

ஆமா கண்ணு, அழிச்சுப்புட்டா. அப்புறம்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. தூசின்னா, கேமராவத் திருப்பினப்போ அதுவும் கூடவே திரும்பியிருக்கணும். இது திரும்பல, நட்சத்திரங்களோடயே நின்னுச்சு.

"அத்தை, அது ஒட்டடை இல்ல. அதுதான் வெடிச்ச நட்சத்திரம்"னா. நல்லவேள, ராத்திரி எடுத்த படமெல்லாம் தனியா பத்திரமா இருந்துச்சு. மறுபடி மொதல்லேருந்து அடுக்கினா. செவப்பும் நீலமுமா ஜிகுஜிகுன்னு வந்து நின்னுச்சு பாரு, பாக்கியம்மா அப்பவே அதப் பிரிண்டு போட்டுக் குடுடின்னாங்க.

சாயங்காலம் லைட்டப் போட்டாங்க, ஊரே கூடியிருந்துச்சு. பாக்கியம்மா படத்தத் தூக்கிட்டு ஓடி எல்லாருக்கும் காட்டினாங்க. பஞ்சாயத்துத் தலைவியம்மா, எங்க இருக்கு இதுன்னு அண்ணாந்தாங்க, கண்ணு கூசுச்சு.

"அந்த லைட்ட அணைங்கப்பா"ன்னாங்க.

டப். ஊரே இருட்டு, வானம் பூரா நட்சத்திரம். அது மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா பாக்கியம்மா, அதோ தெரியுதுன்னு கை நீட்டினாங்க. அப்புறம் ஊரே, ஆமா ஆமா தெரியுதுன்னுச்சு. ரெஜினா மறுத்து ஒரு வார்த்த சொல்லல. ஊரே லைட்ட அணைச்சுட்டு வானத்தப் பாக்குதேன்னு அவளுக்கு அவ்ளோ சந்தோஷம்.

கதையும் ஆச்சு, கண்ணும் சொக்கிடுச்சு, தூங்கு செல்லம்.