நாலு பேர் சேர்ந்து வைத்த பாஸ்வேர்டு

எங்கள் சமையல் கோஷ்டியில் நாங்கள் நான்கு பேர். நால்வரில் யார் பெரிய முட்டாள் என்று மன்னார்குடியில் ஒரு பேச்சு உண்டு. நான் என்னைத்தான் சொல்வேன். மற்ற மூவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தலைவர் பெத்தபெருமாள். அவரை மாஸ்டர் என்போம். அடுத்தவர் உத்திராபதி, அதற்கடுத்தவன் பக்கிரி. காய் நறுக்குகிற வைரக்கண்ணு நான். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். அடுத்தவன் கல்யாணத்துக்குப் பூசணிக்காய் வெட்டியே வயசு போய்விட்டதே என்று எனக்குப் பெரிய வருத்தம்.

அப்படிப்பட்டவனுக்கு வேதாரண்யத்தில் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. அவளுடைய அண்ணனுக்கு ஷார்ஜாவில் வேலை. "போட்டோ மட்டும் போதாது, ஆள் அசையிறதைப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல வர்றேன்" என்று அவர் தரகரிடம் சொல்லிவிட்டார். எங்கள் சமையல் கொட்டகைக்குள் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. தெருவில் நின்று பெண் கேட்பது மரியாதை இல்லை என்றார் மாஸ்டர். ஆகவே எனக்காகவே இன்டர்நெட் வாங்கினோம்.

ஞாயிறு காலையில் ரியாஸ் என்ற தம்பி வந்து ரௌட்டரை மாட்டினார். அவருக்கு வேறு வீடு போகிற அவசரம்.

"போன்ல இந்த நம்பரைப் போட்டீங்கன்னா லோக்கல் நெட்வொர்க் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்ணே. அதுல பாஸ்வேர்டை மாத்திடுங்க. புது பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நம்பரைப் போட்டோம், பக்கம் திறந்தது. எந்தக் கருவிக்கு என்ன எண் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. ரௌட்டர் ஒன்று. உத்திராபதியின் போன் இரண்டு. பக்கிரி மூன்று, நான் நான்கு. கடைசியாக இணைந்த மாஸ்டருக்கு ஐந்து.

மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது.

"காலையில வந்த பெட்டி ஒன்னாம் நம்பர். இத்தனை வருஷமா கரண்டி புடிக்கிற நான் அஞ்சாம் நம்பரா?"

"பெட்டி வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி மாஸ்டர், அது போகட்டும். ஆனா உத்திராபதி அண்ணன் உங்களுக்கு முந்தின எலையில உக்காந்திருக்காரே, அது தப்பு" என்றான் பக்கிரி.

எல்லா போன்களையும் அணைத்துவிட்டு மாஸ்டரை முதலில் இணைத்துப் பார்த்தோம். பெட்டிக்கு அபார ஞாபகசக்தி, மறுபடியும் அவருக்கு ஐந்துதான் கொடுத்தது. கடைசியில் மாஸ்டரும் உத்திராபதியும் போன்களை மாற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் இரண்டாம் நம்பர் ஆனார், கொட்டகையில் அமைதி திரும்பியது.

அடுத்தது பாஸ்வேர்டு. யாருக்கும் தெரியாமல் எப்படி வைப்பது?

எங்கள் சாம்பார் பொடிக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அதன் பக்குவம் எங்களில் ஒருவனுக்கும் முழுதாகத் தெரியாது. ஒருவர் தன் பங்குச் சாமானைப் போடும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பொடியைத் தெரிந்துகொண்டு எவனும் தனிக்கடை போட்டுவிடக் கூடாது என்று மாஸ்டர் செய்த ஏற்பாடு அது.

"பொடி மாதிரியே செய்வோம்" என்றார் மாஸ்டர்.

ஆளுக்குக் கொஞ்சமாக எழுத்தைப் போட்டோம். ஒருவர் போட, மூவர் சுவரைப் பார்த்தோம். பக்கிரி போட்டு முடித்ததும் மாஸ்டர் பட்டனை அழுத்தினார். உடனே எல்லா போனும் ரௌட்டரை விட்டு அறுந்து, புது பாஸ்வேர்டு கேட்டன.

என் போனில் அதைப் போடுவதற்கு மறுபடி சுவரைப் பார்த்தோம். மூன்று பேர் பங்கு ஆயிற்று. பக்கிரி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போடுடா."

"எனக்குத் தெரியாது மாஸ்டர்."

"நீ போட்டது உனக்குத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல? அந்த யாருல நானும் ஒருத்தன்தானே? கண்ணை மூடிக்கிட்டுத்தான் போட்டேன்."

மாஸ்டர் அவனைக் கட்டிக்கொண்டார். இத்தனை நேர்மையான மனிதனோடு வேலை செய்கிறோமே என்று எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செண்பகவல்லி கைநழுவிப் போய்விடுவாளோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

உத்திராபதி தெருவுக்குப் போய் ரியாஸை போனில் பிடித்தார். ரியாஸ் சொன்னதை அவர் சொல்லச் சொல்ல, வாசலில் நின்ற நான் உள்ளே கத்தினேன்.

"ரௌட்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்காம். ஊசியை விட்டு அழுத்திப் பிடிக்கணுமாம். அவரு சொல்ற வரைக்கும் விடக் கூடாதாம்!"

பக்கிரி சாக்குத் தைக்கிற ஊசியை விட்டு அழுத்தினான். அந்த நேரம் பார்த்து உத்திராபதியின் கையிலிருந்த போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

வேறு போனில் கூப்பிடலாமே என்றேன். "அவரு இந்த போன்லதானே சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார் உத்திராபதி. நியாயம்தான்.

"விடச் சொல்லுங்க மாஸ்டர், விரல் மரத்துப் போச்சு" என்றான் பக்கிரி.

"நான் எப்படிடா சொல்றது? அவரு சொல்லணும்."

பக்கிரிக்கு மதியச் சாப்பாட்டை நான்தான் ஊட்டினேன். மூக்கு அரித்தபோது உத்திராபதி சொறிந்துவிட்டார்.

போன் பாதியில் அறுந்துபோனதால் கவலைப்பட்டு, ரியாஸ் சாயங்காலம் தானே வந்து சேர்ந்தார். உள்ளே பார்த்ததும் அவர் கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்தது.

"விடுங்கண்ணே!" என்று அலறினார். பக்கிரி விட்டான்.

ரியாஸ் எல்லாவற்றையும் திருப்பி அமைத்து, என் போனை இணைத்து, மேஜையில் உப்பு ஜாடியின் மேல் சாய்த்து வைத்தார். கிளம்பும்போது எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க."

அவர் வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. வீடியோ கால். நான் கையை நீட்டினேன், மாஸ்டர் தட்டிவிட்டார்.

"தொடாதேன்னு சொல்லிட்டுப் போறாரு, காதுல விழலையா? முன்னால நின்னு முகத்தைக் காட்டு, போதும்."

விபூதியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். திரையில் செண்பகவல்லியின் அண்ணன் தெரிந்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார், எனக்கு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. என்னைப் போலவே ரோஸ் சட்டை, என்னைப் போலவே விபூதி. ஷார்ஜாவிலும் அவருக்குப் பின்னால் அண்டா குண்டா அடுக்கியிருந்தது.

மாஸ்டர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அங்கயும் ஒரு மாஸ்டர் இருக்காருடா" என்றார் உத்திராபதி.

மாஸ்டர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வைரம், அவரு அச்சு அசல் உன் சாடைடா. இது ஒரே ரத்தம். அவரு உனக்குப் பங்காளி."

"இருக்கட்டுமே மாஸ்டர்."

"பங்காளியோட தங்கச்சி உனக்கு என்ன வேணும்?"

யோசித்தேன். "தங்கச்சி" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருந்திருந்து வந்த ஒரு வரன், அதுவும் தங்கச்சியாகப் போய்விட்டது. திரையில் அண்ணனுக்கும் கண் கலங்கியது. இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று தலையை ஆட்டினேன். மனமே இல்லாமல் அவரும் தலையை ஆட்டினார். அத்தோடு மணி ஓய்ந்தது.

மாஸ்டர் உடனே தரகருக்கு இப்படிச் சொல்லி ஆள் அனுப்பினார்: எங்கள் வீட்டுப் பெண் செண்பகவல்லிக்கு மாப்பிள்ளை மட்டும் வேறு இடத்தில் பார்க்கவும், சமையலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டாம்.