பூக்கட்டிப் பார்த்தது

"விதியாம் தாயி, விதியாம்!"

விறகு பிளந்துகொண்டிருந்த கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, அம்மன் கோயில் வாசலில் இருந்த குருவம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார் பலவேசம். அவளுக்குச் சீடர்தான், ஆனால் குருவை விட வயதில் மூத்தவர். அதனால் அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"யார் சொன்னது அண்ணாச்சி?"

"என் தம்பி. சாகக் கிடக்கான். 'நடந்ததெல்லாம் விதி, மனசுல வச்சுக்காம வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ'ன்னு ஆள் விட்டிருக்கான்."

நடந்தது இதுதான். ஒரு அடிதடி வழக்கில் தம்பி பொய்ச்சாட்சி சொன்னான். பலவேசம் ஜெயிலுக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோது அப்பா செத்துப்போனார். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான்.

"எல்லாம் விதிதானா? நீயே சொல்லு."

"விதின்னு சொன்னா?"

"அவன் மேல குத்தமே இல்லைன்னு ஆயிரும்."

"உங்க கோபமும் விதிதான்னு ஆயிரும்."

பலவேசத்துக்குச் சுருக்கென்றது.

"அதெப்படி? அது என் சொத்து. அணையப் போகும்போதெல்லாம் நானே ஊதி ஊதி வச்சிருக்கேன்."

"நல்லாத்தான் ஊதியிருக்கீங்க. இங்கே வரைக்கும் அனல் அடிக்குது."

அவர் சிரிக்கவில்லை.

குருவம்மா எழுந்துபோய் ஒரு வெள்ளை அரளியும் ஒரு சிவப்பு அரளியும் பறித்து வந்தாள். தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டினாள். இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டாள்.

"ஒண்ணை எடுங்க. வெள்ளைன்னா தம்பியைப் போய்ப் பாருங்க. சிவப்புன்னா போக வேண்டாம்."

பலவேசம் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"சிவப்பு வந்தா?"

"போகக் கூடாதுன்னு விதி."

"அப்ப அவன் தப்பிச்சுருவான். வெள்ளை வந்தா?"

"போகணும்னு விதி."

"அப்ப போறது நான் இல்லையே!"

இரண்டு பொட்டலத்தையும் அள்ளி, பிரிக்காமலே வேலிக்கு அப்பால் வீசினார். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"எங்கே அண்ணாச்சி?"

"அவன்கிட்டத்தான். 'விதி இல்லலே, நீதான் செஞ்சே'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். 'ஆமா, நான்தான்'னு அவன் வாயால சொல்லணும். அப்புறம் மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கிடுதேன்."

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள விதி முந்திக்கிட்டா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் அது வாசல்ல நிக்கட்டும்."