மந்திக்கு மட்டும் அரைச் சீப்பு

மழை விட்டதும் காடு முழுக்கக் காய்ச்சல் பரவியது. நோயாளி இல்லாத குகையே இல்லை. அதைப் பார்த்த நரியார் ஒரு தொழில் தொடங்கினார். நோயாளிகளைக் கவனிக்க ஆள் அனுப்பும் தொழில்! நோயாளி வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்வார். அதிலிருந்து கூலி கொடுப்பார்.

கரடியார் குகைக்குப் பகலில் பூவரசி என்ற மந்தி போவாள். இரவில் மருதன் என்ற கடுவன் குரங்கு போவான். இருவருக்கும் ஒரே வேலைதான். பச்சிலையை இடித்துச் சாறு புகட்ட வேண்டும். நெற்றியில் ஈரப் பாசி வைக்க வேண்டும். அந்தப் பெரிய உடம்பைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

பூவரசிக்கு இரண்டு குட்டிகள். கூலியாக வரும் அரைச் சீப்பு அவர்களுக்கே போதவில்லை. காட்டில் கூலியே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

ஒரு மாலை மருதன் முழுச் சீப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"யார் கொடுத்த பழம், அண்ணா?"

"என் கூலிதான், தங்கச்சி. தினமும் ஒரு சீப்புதானே!"

பூவரசி அந்தச் சீப்பைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு அரைச் சீப்புதான் தருகிறார்!"

மருதன் தலையைச் சொறிந்தான். "எனக்கெதற்கு வம்பு? கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறேன்."

பூவரசி நேரே நரியாரிடம் போனாள்.

"மருதன் குடும்பஸ்தன், அம்மா!" என்றார் நரியார்.

"என் முதுகில் ஒன்று, மடியில் ஒன்று தொங்குகிறதே, இது குடும்பம் இல்லையா?"

"அதற்கில்லை. நோயாளியைப் பார்ப்பது பெண்களுக்குக் கூடப் பிறந்த குணம். உனக்குத் தானாக வரும். அவன் பாவம், கஷ்டப்பட்டுச் செய்கிறான்!"

"கூடப் பிறந்த குணமெல்லாம் என் குட்டிகளைப் பார்ப்பதற்கு! கரடியாரைப் புரட்டுவது இடுப்பு ஒடிகிற வேலை!"

நரியார் அக்கம் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி, நாளை முதல் உனக்கும் ஒரு சீப்பு. ஆனால் மற்றப் பெண்களிடம் மூச்சு விடாதே!"

பூவரசி குட்டிகளைப் பார்த்தாள். தலையாட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால், கால் வீங்க வீங்க மான் வீட்டில் வேலை செய்யும் முயல் பெண்ணின் முகம் கண்முன் வந்தது.

"எல்லாருக்கும் கொடுங்கள்! இல்லாவிட்டால் எனக்கும் வேண்டாம்!"

மறுநாள் காலை நரியார் எல்லாரையும் கூட்டினார். "சமமாகக் கூலி கேட்டீர்கள். கொடுத்துவிட்டேன்! இன்று முதல் ஆண், பெண் எல்லாருக்கும் அரைச் சீப்பு!"

மருதன் துள்ளிக் குதித்தான். "அநியாயம்! அரைச் சீப்பில் எப்படிப் பிழைப்பது?"

"இத்தனை நாள் நாங்கள் பிழைத்த மாதிரிதான், அண்ணா," என்றாள் பூவரசி. வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

மருதன் பூவரசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நானும் இன்று வேலைக்குப் போகவில்லை," என்றான். அன்று யாருமே போகவில்லை.

ஆனாலும் பூவரசிக்கு மனம் கேட்கவில்லை. கரடியாருக்குச் சாறு புகட்டும் பக்குவத்தையாவது சொல்லிவிட்டு வரலாம் என்று குகைக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட அவர் மனைவி கரடியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அரைச் சீப்பா? ஆளுக்கு இரண்டு சீப்பு எண்ணி வைத்தேனே!"

கரடியம்மா வழியில் தன்னைப் போலவே நரியாரிடம் ஆள் வாங்கியிருந்த மானையும் மயிலையும் கூட்டிக்கொண்டு நரியார் வளைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஓய் நரியாரே! இவர்களுக்குச் சரியான கூலி கொடும்! இல்லாவிட்டால் நாங்கள் கொடுத்த பழத்தையெல்லாம் திருப்பி வையும்!"

திருப்பி வைக்கப் பழம் எங்கே இருக்கிறது? அதெல்லாம் நரியார் வயிற்றுக்குள் போய் வெகு நாளாகிவிட்டது.

"கொடுத்துவிடுகிறேன், தாயே! எல்லாருக்கும் ஒரு முழுச் சீப்பு!" என்று கும்பிட்டார் நரியார்.

மறுநாளே பூவரசிக்கும் முயல் பெண்ணுக்கும் முழுச் சீப்பு கிடைத்தது. மருதனுக்கும் பழையபடி கிடைத்தது. பெண்களுக்கு வர வேண்டிய பழைய பாக்கி மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

பக்கத்தில் இருப்பவருக்குக் கூலி குறையும்போது வாய் மூடி இருப்பவரின் கூலியும் நிலைக்காது.