எலியின் வாய் யாருக்குச் சொந்தம்?

"கல்லீரல்காரனுக்கு என் தீனியில் ஒரு துணுக்குகூடச் சேரக் கூடாது!" என்று கூண்டைத் தட்டினார் சிறுநீரக ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் வைத்தமாநிதி. "அரசாங்கம் எனக்குப் பணம் கொடுப்பது சிறுநீரகத்துக்கு. இந்த எலிகள் என் தீனியைத் தின்று கல்லீரலை வளர்க்கின்றன. பக்கத்துக் கட்டிடத்தான் அதை ஓசியில் வாங்கி ஆராய்கிறான். இனி என் தீனி சிறுநீரகத்துக்கு மட்டும்தான். மீறினால் உன் வேலை போச்சு."

"சரிங்க சார்" என்றார் எலிகளைப் பராமரிக்கும் செல்லக்கண்ணு.

மறுநாள் காலை, நிதி ஒதுக்கும் டெல்லி அதிகாரியை இயக்குநர் எலி அறைக்குப் பெருமையாக அழைத்து வந்தார். தீனித் தட்டுகள் கூண்டுகளுக்கு வெளியே நிறைந்திருந்தன. எலிகள் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"ஏன்யா இன்னும் தீனி வைக்கல?" என்றார் இயக்குநர்.

"சிறுநீரகம் நம்மளது சார், அதுல தகராறு இல்ல. ஆனா வழியில வாய் குறுக்க நிக்குது. அது பல் நிறுவனத்தோடது. அதைத் தாண்டினா வயிறு, அது குடல் நிறுவனத்தோடது. ரெண்டு பேரும் அனுமதி குடுத்தாத்தானே உங்க தீனி உள்ள போக முடியும்?"

"யார் போட்ட உத்தரவு இது?" என்றார் அதிகாரி.

"எங்க சாருதுங்க. எலிகிட்டயும் சொல்லிப் பாத்தேன். அது என்னமோ, தான் முழுசா ஒரே எலின்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

அதிகாரி சிரிப்பை அடக்கப் போய் இருமினார்.

"நுரையீரல் எதிர்க் கட்டிடம் சார்" என்றார் செல்லக்கண்ணு.

வைத்தமாநிதி குனிந்து, ஒரு தட்டை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார்.